ஒரே வாக்குச்சீட்டில் இரண்டு கட்சிகள்: வெர்மான்ட் மாநிலத் தேர்தல்கள்

கேள்வி இதுதான்: "வெர்மான்ட் சோசலிஸ்டு செனட்டர் பெர்னி சாண்டர்ஸின் மாநிலம். அமெரிக்காவிலேயே இடதுசாரிச் சாய்வு மிகுந்த மாநிலங்களில் ஒன்று என்கிறார்கள். அங்கே குடியரசுக் கட்சிக்காரர் ஒருவர் எப்படித் தொடர்ந்து ஆளுநராக வெல்கிறார்? மாநிலப் பதவிகளுக்கும், அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரசுக்கும் அங்கே எப்படித்தான் தேர்தல் நடக்கிறது?"

ஒரு கூட்டல் கணக்கிலிருந்து தொடங்குகிறேன். 2024 நவம்பரில் வெர்மான்ட்டில் ஜனநாயகக் கட்சியின் குடியரசுத் தலைவர் வேட்பாளர் கமலா ஹாரிஸ் ஏறக்குறைய 63 சதவீத வாக்குகள் பெற்றார். அதே நாளில், அதே சீட்டில், குடியரசுக் கட்சியின் ஆளுநர் ஃபில் ஸ்காட் 73 சதவீதம் பெற்றார். இரண்டையும் கூட்டினால் 136. அப்படியானால் நூறு வாக்காளர்களில் சுமார் 36 பேராவது ஒரு கையால் ஹாரிஸுக்கும் அதே கையால் ஸ்காட்டுக்கும் வாக்களித்திருக்கிறார்கள். மூன்றில் ஒருவருக்கும் மேல்! நாடு முழுவதும் மக்கள் கட்சிவாரியாகப் பிரிந்து, மேலிருந்து கீழ்வரை ஒரே கட்சிக்குக் குத்திவிட்டுப் போகும் காலம் இது. அப்படிப்பட்ட காலத்தில் இந்த எண்ணைத் தற்செயல் என்று தள்ளிவிட முடியாது. இதற்குப் பின்னால் இருநூறு ஆண்டுப் பழக்கம் இருக்கிறது.

ஒன்றை முதலிலேயே தெளிவாக்கிவிடுகிறேன். ஆளுநர் என்றதும் நமக்கு மத்திய அரசு நியமித்து அனுப்பும் ராஜ்பவன்வாசி நினைவுக்கு வருவார். அமெரிக்க ஆளுநர் அப்படிப்பட்டவர் அல்லர். நேரடியாக மக்கள் வாக்கால் வருபவர். அதிகாரத்தில் நம் முதலமைச்சருக்கு நிகரானவர். அவருக்குச் சட்டமன்ற உறுப்பினர்களின் ஆதரவு தேவையில்லை. சட்டமன்றம் முழுக்க எதிர்க்கட்சியிடம் இருந்தாலும் அவர் பதவியில் இருப்பார். வெர்மான்ட்டைப் புரிந்துகொள்ள இது மிக அவசியம்.

இனி மாநிலத்தைப் பார்ப்போம். 2020 கணக்கெடுப்பின்படி மக்கள்தொகை 6,43,077. வயோமிங்கை விட்டால் இதுவே மிகச் சிறியது. தலைநகரம் மான்ட்பீலியரில் எட்டாயிரம் பேர்தான்; அமெரிக்க மாநிலத் தலைநகரங்களில் அதைவிடச் சிறியது இல்லை. பெரிய நகரமான பர்லிங்டனில்கூட ஐம்பதாயிரம் பேர் கிடையாது. பாதிக்கும் மேற்பட்டோர் கிராமப்புறத்தில் வாழ்கிறார்கள்; விகிதத்தில் பார்த்தால் நாட்டின் மிகக் கிராமப்புறமான மாநிலம் இதுதான். பால் பண்ணை, மேப்பிள் பாகு, கருங்கல், பளிங்கு, பனிச்சறுக்கு. சுமார் 250 ஊர்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு டவுன் கிளார்க். தேர்தலை நடத்துவது அவர்தான். பெரும்பாலான ஊர்களில் அவர் யாருக்கும் அந்நியர் இல்லை. நாய்க்கு உரிமம் வாங்கவும், நிலப் பத்திரம் பதியவும் போய் நிற்பது அவர் மேசைக்கு முன்னால்தான்.

இந்த மாநிலத்தில் வாக்காளராகப் பதிவு செய்பவர் ஓர் உறுதிமொழி எடுக்க வேண்டும். 1777-ஆம் ஆண்டு அரசியல் சாசனத்திலிருந்து வரும் வழக்கம் அது. வெர்மான்ட் அப்போது எந்த நாட்டோடும் சேராத தனிக் குடியரசாக இருந்தது. வாக்களிக்கும்போதெல்லாம், மாநிலத்துக்கு எது நன்மை என்று என் மனச்சாட்சி சொல்கிறதோ அதன்படி, யாருக்கும் அஞ்சாமல், யார் தயவையும் நாடாமல் வாக்களிப்பேன் என்பது அதன் சாரம். வெறும் சடங்கு என்று சிலர் சொல்லலாம். ஆனால் இன்னொன்றையும் சேர்த்துப் பாருங்கள்: பதிவின்போது எந்தக் கட்சி என்று அங்கே கேட்பதே இல்லை. ஆகஸ்டில் நடக்கும் கட்சி வேட்பாளர் தேர்வுக்கு, அதாவது பிரைமரிக்கு, வாக்காளருக்கு எல்லாக் கட்சிகளின் சீட்டுகளையும் தருகிறார்கள். ஒன்றை மட்டும் நிரப்பிவிட்டு மற்றவற்றை வெறுமையாகத் திருப்பித் தரவேண்டும். அவர் எந்தக் கட்சிச் சீட்டைப் பயன்படுத்தினார் என்பது எங்கும் பதிவாவதில்லை.

நவம்பர் சீட்டை ஒருமுறை கண்ணால் பார்த்தால் பாதி விஷயம் விளங்கிவிடும். பதவி வாரியாகப் பெயர்கள் இருக்கும். ஒவ்வொரு வேட்பாளரின் பெயருக்கும் அடுத்து முதலில் வருவது அவருடைய ஊர். அதன் பிறகுதான் கட்சி. ஃபில் ஸ்காட், பெர்லின், குடியரசுக் கட்சி. பெர்னி சாண்டர்ஸ், பர்லிங்டன், சுயேச்சை. டேவிட் சுக்கர்மேன், ஹைன்ஸ்பர்க், முற்போக்குக் கட்சியும் ஜனநாயகக் கட்சியும். ஆம், ஒருவருக்கு இரண்டு கட்சிகளின் பெயர் அச்சாவதும் அங்கே உண்டு. ஒரே குத்தில் ஒரு கட்சியின் எல்லா வேட்பாளர்களுக்கும் வாக்களிக்கும் வசதி கிடையாது. ஒவ்வொரு பதவிக்கும் நின்று, யோசித்து, தனித்தனியாக முட்டை வடிவக் குறியை நிரப்ப வேண்டும். 2021-இல் வந்த சட்டத்தால் பொதுத் தேர்தல் சீட்டு எல்லா வாக்காளர்களுக்கும் தபாலில் வந்துவிடுகிறது. சமையலறை மேசையில் வைத்துப் பல நாள் யோசிக்கலாம்.

மாநிலம் முழுவதும் சேர்ந்து தேர்ந்தெடுக்கும் நிர்வாகப் பதவிகள் ஆறு: ஆளுநர், துணை ஆளுநர், கருவூலர், மாநிலச் செயலர், தலைமை வழக்கறிஞர், தணிக்கையாளர். ஆறும் தனித்தனிப் போட்டிகள். பல மாநிலங்களில் ஆளுநரும் துணை ஆளுநரும் ஜோடியாக நிற்பார்கள். இங்கே அப்படியில்லை, ஆகவே இருவரும் எதிரெதிர்க் கட்சிகளாக இருப்பது சாதாரணம். பதவிக்காலம் இரண்டே ஆண்டு. ஐம்பது மாநிலங்களில் ஆளுநருக்கு இரண்டாண்டு மட்டும் தருபவை வெர்மான்ட்டும் பக்கத்து நியூ ஹாம்ப்ஷயரும்தான். எத்தனை முறை நிற்கலாம் என்ற வரம்பு இல்லை. நான்காண்டாக நீட்ட வேண்டும் என்ற பேச்சு பல காலமாக எழுகிறது, அடங்குகிறது. நீட்டக்கூடாது என்றே நான் நினைக்கிறேன். இரண்டாண்டுக்கு ஒருமுறை ஊர் ஊராகப் போய் நிற்க வேண்டிய கட்டாயம்தான் ஆளுநரை மக்கள் முகம் தெரிந்தவராக வைத்திருக்கிறது.

துணை ஆளுநர் பதவியைச் சின்னதாக எண்ணிவிடக் கூடாது என்பதற்கு 1991 ஆகஸ்ட் சாட்சி. ஆளுநர் ரிச்சர்ட் ஸ்னெலிங் திடீரென இறந்துபோனார். துணை ஆளுநர் ஹோவர்ட் டீன் மருத்துவர். பகுதிநேரப் பதவி என்பதால் மருத்துவத் தொழிலையும் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு நோயாளியைப் பரிசோதித்துக்கொண்டிருந்தபோதுதான் செய்தி வந்தது. குடியரசுக் கட்சி ஆளுநரின் நாற்காலியில் ஜனநாயகக் கட்சிக்காரர் அமர்ந்தார். 2003 தொடக்கம்வரை அவரே ஆளுநர்.

இப்போது வரலாறு. இன்றைய வெர்மான்ட்டை மட்டும் பார்ப்பவர்களுக்கு நம்பச் சிரமமாக இருக்கும். குடியரசுக் கட்சியின் கோட்டை என்று ஒரு மாநிலத்தைச் சொல்ல வேண்டுமானால் அது இதுதான். 1856 முதல் 1960 வரை ஒவ்வொரு குடியரசுத் தலைவர் தேர்தலிலும் அந்தக் கட்சிக்கே வாக்களித்தது. 1936-இல் ரூஸ்வெல்ட் நாட்டையே வாரிச் சுருட்டியபோது அவருக்கு இணங்காமல் நின்றவை மெய்னும் வெர்மான்ட்டும் மட்டுமே. எதிர்க்கட்சி என்ற ஒன்று பெயரளவில் இருந்த அந்த நூறாண்டில் போட்டியே இல்லை என்று எண்ணிவிட வேண்டாம். போட்டி கட்சிக்குள் நடந்தது. மாநிலத்தை நடுவே பிளந்து ஓடும் பசுமை மலைத்தொடருக்குக் கிழக்கே ஒருவர், மேற்கே ஒருவர் என்று ஆளுநர் பதவி மாறி மாறிப் போகும்; காங்கிரசின் மேலவையான செனட்டில் மாநிலத்துக்குரிய இரண்டு இடங்களிலும் கிழக்குக்கு ஒன்று, மேற்குக்கு ஒன்று. எழுதாத சட்டம் அது. 'மலை விதி' என்பார்கள். 1946-இல் பளிங்குத் தொழில் குடும்பத்தைச் சேர்ந்த ஆளுநர் மார்ட்டிமர் பிராக்டரைக் கட்சியின் பிரைமரியிலேயே எர்னஸ்ட் கிப்சன் தோற்கடித்தார். அதோடு அந்த ஏற்பாடு ஆட்டம் கண்டது.

1962-இல் ஃபிலிப் ஹாஃப் என்ற ஜனநாயகக் கட்சிக்காரர் ஆளுநர் ரே கெய்சரை 1,315 வாக்கு வித்தியாசத்தில் வென்றார். அந்தக் கட்சிக்கு நூறாண்டுக்குப் பிறகு கிடைத்த முதல் ஆளுநர். அதன் பிறகு நடந்ததுதான் என்னை ஒவ்வொரு முறையும் வியக்கவைக்கிறது. ஹாஃபுக்குப் பின் டீன் டேவிஸ், குடியரசு. அவருக்குப் பின் தாமஸ் சால்மன், ஜனநாயகம். ஸ்னெலிங், குடியரசு. மேடலின் கூனின், ஜனநாயகம். மறுபடி ஸ்னெலிங். டீன், ஜனநாயகம். ஜிம் டக்ளஸ், குடியரசு. பீட்டர் ஷம்லின், ஜனநாயகம். ஸ்காட், குடியரசு. அறுபது ஆண்டுகளில் ஒருமுறைகூட ஒரு கட்சியின் ஆளுநருக்குப் பின் அதே கட்சியின் ஆளுநர் வரவில்லை. அதே சமயம், 1962-இல் கெய்சர் தோற்றதற்குப் பின், பதவியில் இருந்துகொண்டே மறுதேர்தலில் தோற்ற ஆளுநரும் இல்லை. இருப்பவரை மக்கள் இருக்கவிடுகிறார்கள். அவர் விலகியதும் மறுபக்கம் திரும்புகிறார்கள்.

காங்கிரசுத் தேர்தலில் இந்த ஊசலாட்டம் இல்லை. காங்கிரசின் கீழவையான பிரதிநிதிகள் சபையில் வெர்மான்ட்டுக்கு ஒரே இடம். 1930-களிலிருந்து மாநிலம் முழுவதும் ஒரே தொகுதி. அந்த இடத்தைக் குடியரசுக் கட்சி கடைசியாக வென்றது 1988-இல், பீட்டர் ஸ்மித் மூலம். அந்தத் தேர்தலில் இரண்டாம் இடம் வந்தவர் பர்லிங்டன் மேயர் பெர்னி சாண்டர்ஸ் என்ற சுயேச்சை. ஜனநாயகக் கட்சி வேட்பாளருக்கு மூன்றாம் இடம். ஸ்மித் பதவிக்கு வந்தபின் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுக்கு ஆதரவாக நிலைப்பாட்டை மாற்றிக்கொண்டார். வேட்டை மரபு ஊறிய மாநிலம். துப்பாக்கி உரிமைக்காரர்கள் அவருக்கு எதிராகத் திரும்பினார்கள். 1990-இல் சாண்டர்ஸ் வென்றார். வெர்மான்ட்டிலிருந்து சோசலிஸ்டு ஒருவரை வாஷிங்டனுக்கு அனுப்பிய வாக்குகளில் வேட்டைக்காரர்களின் வாக்குகளும் உண்டு.

செனட்டில், 1974-இல் வென்ற பேட்ரிக் லேஹிதான் வெர்மான்ட் அனுப்பிய முதல் ஜனநாயகக் கட்சி செனட்டர். 48 ஆண்டு இருந்தார். குடியரசுக் கட்சியின் கடைசி செனட் வெற்றி 2000-இல் ஜிம் ஜெஃபர்ட்ஸுடையது. அவரும் மறு ஆண்டு மே மாதம் கட்சியைவிட்டு விலகிச் சுயேச்சையானார். அப்போது செனட் 50-50 என்று சமமாக நின்றது. இந்த ஒற்றை மனிதரின் விலகலால் செனட்டின் கட்டுப்பாடு ஒரு கட்சியிடமிருந்து மறு கட்சிக்குப் போய்விட்டது.

உங்கள் கேள்விக்கான விடை ஏறக்குறைய இந்த ஜெஃபர்ட்ஸ் நிகழ்ச்சியில் இருக்கிறது என்பேன். வாஷிங்டனுக்கு ஒருவரை அனுப்பும்போது, அவர் எவ்வளவு நல்லவரானாலும், அவருடைய இடம் அங்கே எந்தக் கட்சியின் கணக்கில் சேரும் என்பதையும் சேர்த்தே மக்கள் வாக்களிக்க வேண்டியிருக்கிறது. அவையின் தலைமை, குழுக்கள், நீதிபதி நியமனம் எல்லாம் அந்தக் கணக்கில் முடிவாகும். மான்ட்பீலியருக்கு ஆளுநரை அனுப்பும்போது அந்தச் சுமை இல்லை. அவர் தலைக்கு மேல் எந்தத் தேசியக் கட்சித் தலைமையும் உட்கார்ந்திருப்பதில்லை. ஆகவே அங்கே ஆளைப் பார்க்கலாம். அதோடு பணப்பையின் சாவியையும் பார்க்கலாம்: செலவு செய்ய விரும்பும் சட்டமன்றத்துக்கு, கையைப் பிடிக்கும் ஆளுநர்.

ஸ்காட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். பேரே ஊரில் பிறந்தவர், கட்டுமான நிறுவனத்தில் பங்குதாரராக இருந்தவர், உள்ளூர் தண்டர் ரோடு பந்தயத் தடத்தில் கார் ஓட்டி வென்றவர். புதிய துப்பாக்கிச் சட்டம் தேவையில்லை என்று சொல்லிவந்தவர், 2018 பிப்ரவரியில் ஃபேர் ஹேவன் பள்ளியில் சுடத் திட்டமிட்டதாக ஓர் இளைஞர் கைதானபின் மனம் மாறினார். ஏப்ரல் 11 அன்று சட்டமன்றக் கட்டடத்தின் படிக்கட்டில், திறந்தவெளியில், எல்லோர் முன்னிலையிலும் மூன்று மசோதாக்களில் கையெழுத்திட்டார். அவருக்கு வாக்களித்தவர்களே எதிரே நின்று துரோகி என்று கூச்சலிட்டார்கள். ஓர் அறைக்குள் நான்கு அதிகாரிகளோடு கையெழுத்துப் போட்டிருக்கலாம். அவர் வெளியே வந்தார். அந்த நவம்பரில் 55 சதவீதம் பெற்று வென்றார். ஸ்மித்துக்கு 1990-இல் கிடைக்காத மன்னிப்பு இவருக்குக் கிடைத்தது. காலம் மாறியதும் ஒரு காரணம்; நேருக்கு நேர் நின்றதும் ஒரு காரணம்.

ஆளைப் பார்க்கும் பழக்கம் எங்கிருந்து வந்தது? மார்ச் முதல் செவ்வாய்க்கிழமை பெரும்பாலான ஊர்களில் ஊர்க்கூட்டம் நடக்கும். மண்டபத்தில் நாற்காலி போட்டு, சாலைக்கு எவ்வளவு, பனி வாரும் வண்டிக்கு எவ்வளவு என்று வரி வரியாகப் பேசி வாக்கெடுப்பார்கள். பெரும்பாலான ஊர்களில் உள்ளூர்ப் பதவிகளுக்குக் கட்சி அடையாளமே இல்லை. இந்தப் பயிற்சியில் வளர்ந்த வாக்காளர் நவம்பரிலும் அதே கண்ணோடுதான் சீட்டைப் பார்க்கிறார்.

இரண்டு பேரைச் சொல்லாமல் இதை முடிக்க முடியாது. ஒருவர் ஜார்ஜ் ஏக்கன். பட்னி ஊரில் செடிப்பண்ணை வைத்திருந்தவர், ஆளுநராக இருந்து, 1941 முதல் 1975 வரை செனட்டர். 1968 மறுதேர்தலுக்கு அவர் செலவழித்த மொத்தத் தொகை 17 டாலர் 9 சென்ட். பெரும்பகுதி தபால் செலவு. இரு கட்சிகளுமே அவரை வேட்பாளராக ஏற்றிருந்தன. இன்னொருவர் டன்பிரிட்ஜ் ஊரின் பால் விவசாயி ஃபிரெட் டட்டில். 1998-இல் எழுபத்தொன்பது வயதில் குடியரசுக் கட்சியின் செனட் பிரைமரியில் நின்றார். எதிரே, மாசசூசெட்ஸிலிருந்து வந்து குடியேறிய செல்வந்தர் ஜாக் மெக்முல்லன். வானொலி விவாதத்தில் டட்டில் கேட்டார்: பசுவுக்கு எத்தனை காம்பு? மெக்முல்லன் ஆறு என்றார். மாடு கறந்த எவருக்கும் நான்கு என்று தெரியும். பிரைமரியில் டட்டில் வென்றார். வென்றபின் தான் லேஹிக்கே வாக்களிக்கப்போவதாக வெளிப்படையாகச் சொல்லிவிட்டார். இதை வேடிக்கைக் கதையாகவே பலர் எழுதுகிறார்கள். எனக்கு அது அப்படித் தோன்றவில்லை. இந்த மண்ணைத் தெரியாதவர் பணத்தைக் கொண்டு எங்கள் இடத்தை வாங்க முடியாது என்று ஒரு மாநிலத்தின் வாக்காளர்கள் தீர்ப்பளித்த நாள் அது.

இனி, வெளியிலிருந்து பார்ப்பவர்கள் பெரும்பாலும் தவறவிடும் ஒரு விதி. ஆளுநர், துணை ஆளுநர், கருவூலர் ஆகிய மூவருக்கும் அதிக வாக்கு மட்டும் போதாது. பாதிக்கு மேல் வேண்டும். யாருக்கும் கிடைக்காவிட்டால் ஜனவரியில் மாநிலச் சட்டமன்றத்தின் இரு அவைகளையும் சேர்ந்த 150 பிரதிநிதிகளும் 30 செனட்டர்களும் ஒன்றாக அமர்ந்து, முதல் மூன்று பேரிலிருந்து ஒருவரை ரகசிய வாக்கில் தேர்ந்தெடுப்பார்கள். முற்போக்குக் கட்சி போன்ற மூன்றாவது கட்சி வலுவாக இருக்கும் மாநிலத்தில் இது அடிக்கடி நேரும். 2014 ஆளுநர் தேர்தலில் ஷம்லினுக்கும் குடியரசுக் கட்சியின் ஸ்காட் மில்னுக்கும் இடையே 2,434 வாக்குகளே வித்தியாசம். இருவருமே ஐம்பதைத் தொடவில்லை. தேர்தலுக்கும் சட்டமன்ற வாக்கெடுப்புக்கும் நடுவே, டிசம்பரில், தன் முக்கிய வாக்குறுதியான மாநில அளவிலான பொது மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தையே ஷம்லின் கைவிட்டார். அந்தக் கோபத்துக்கு நடுவிலும் சட்டமன்றம் 110-69 என்று அவரையே தேர்ந்தெடுத்தது. அடுத்த முறை அவர் நிற்கவில்லை.

முதலிடம் வந்தவரையே சட்டமன்றம் ஏற்பது வழக்கம். அது கட்டாயம் இல்லை. 1976-இல் துணை ஆளுநர் போட்டியில் ஜான் ஆல்டன் அதிக வாக்கு பெற்றிருந்தும், இரண்டாம் இடம் வந்த கேரி பக்லியைச் சட்டமன்றம் நியமித்துவிட்டது. இந்த விதியை மாற்றித்தான் ஆக வேண்டும் என்பது என் கருத்து. மக்கள் முகம் பார்த்து வாக்களிக்கும் மாநிலத்தில், கடைசி முடிவு பெயர் தெரியாத 180 சீட்டுகளில் போய் நிற்பது நியாயமில்லை.

2024 தேர்தலிலும் ஒரு முடிவு சட்டமன்றத்துக்குப் போனது. அதன் பின்னணியை முதலில் சொல்கிறேன். பள்ளிச் செலவுக்கான சொத்து வரி அந்த ஆண்டு சராசரியாக 14 சதவீதத்தை ஒட்டி ஏறியது. பள்ளி வரவுசெலவை ஊர்கள் முடிவு செய்தாலும் வரி மாநிலம் முழுவதற்கும் ஒரே தொட்டியில் சேர்கிறது. ஆகவே ஒவ்வொரு வீட்டுக்கும் வரும் ரசீதில் மான்ட்பீலியரின் கை தெரியும். ஸ்காட் அந்த வரி மசோதாவை மறுத்துத் திருப்பி அனுப்பினார். சட்டமன்றம் மூன்றில் இரண்டு பங்கு பலத்தால் அவரை மீறியது. நவம்பரில் அந்தப் பலமே ஜனநாயகக் கட்சியின் கையைவிட்டுப் போனது. அதுவரை ஸ்காட்டின் செல்வாக்கு ஸ்காட்டோடு நின்றது. அவருடைய கட்சிக்குப் பெரிதாக உதவியதில்லை. அந்த முறைதான் கொஞ்சம் உதவியது.

அதே சீட்டில் துணை ஆளுநர் பதவிக்கு, பதவியில் இருந்த சுக்கர்மேனை எதிர்த்து நின்றவர் குளோவர் ஊர்க்காரர் ஜான் ரோட்ஜர்ஸ். நெடுங்காலம் ஜனநாயகக் கட்சிச் சட்டமன்ற உறுப்பினராக இருந்து, அந்த ஆண்டுதான் குடியரசுக் கட்சிக்கு மாறியவர். சில ஆயிரம் வாக்குகள் முன்னிலை பெற்றார், பாதியைத் தொடவில்லை. 2025 ஜனவரியில் முடிவு சட்டமன்றத்துக்கு வந்தபோது அங்கே ஜனநாயகக் கட்சிக்கே பெரும்பான்மை. ரகசிய வாக்கு, யார் யாருக்குப் போட்டார் என்று எவரும் கேட்க முடியாது. அவர்கள் ரோட்ஜர்ஸைத் தேர்ந்தெடுத்தார்கள். அந்த 2024 நவம்பர் சீட்டில் வென்ற மற்றவர்களில், மாநிலப் பதவிகளுக்கு வந்த கருவூலர் மைக் பீசியாக், மாநிலச் செயலர் சாரா கோப்லேண்ட் ஹான்சஸ், தலைமை வழக்கறிஞர் சாரிட்டி கிளார்க், தணிக்கையாளர் டக் ஹாஃபர் நால்வரும் ஜனநாயகக் கட்சி. செனட்டுக்கு சாண்டர்ஸ், பிரதிநிதிகள் சபைக்கு பெக்கா பாலின்ட். 2022-இல் பாலின்ட் வென்றபோதுதான் வெர்மான்ட் முதன்முதலாக ஒரு பெண்ணைக் காங்கிரசுக்கு அனுப்பியது. ஐம்பது மாநிலங்களில் கடைசி. முற்போக்கான மாநிலம் என்று சொல்லும்போது இதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

நீங்களே பார்க்க விரும்பினால், இரட்டைப்படை ஆண்டு ஒவ்வொன்றின் நவம்பரிலும் ஆறு பதவிகளும் பிரதிநிதிகள் சபை இடமும் மறுபடி சீட்டுக்கு வந்துவிடும். மாநிலச் செயலர் அலுவலகம் ஊர்வாரியாக முடிவுகளை வெளியிடுகிறது. மாநில மொத்தத்தை விட்டுவிட்டு, சில நூறு வாக்குகள் மட்டுமே விழுந்த ஒரு சிற்றூரை எடுங்கள். ஆளுநர் வரிசையையும் பிரதிநிதி வரிசையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஸ்காட் நிற்கும் வரை ஒரு விடை கிடைக்கும். அவர் விலகிய முதல் ஆண்டில் என்ன வருகிறது என்பதற்குத்தான் நானும் காத்திருக்கிறேன்.